கண்ணாடிக்குள் எங்கள் கிணறு

மீன்பெட்டியில் தண்ணீர் ஊற்றிய அன்று எங்கள் முன்னறையில் அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், அக்கா இருந்தாள், இரண்டு மாத லீவில் வந்திருந்த அண்ணன் இருந்தான், நான் இருந்தேன். படியில் வடக்கேவீட்டு மாமி, இடுப்பில் கடைக்குட்டியோடு. முற்றத்தில் கிழக்கேவீட்டுச் சித்தப்பாவும் அவர் மனைவியும், கடைசிவீட்டுக் கிழவனாரும் அவர் மருமகளும், பிறகு எண்ணி முடியாத சிறுபிள்ளைகள். வராதவர்கள் பெரியவீட்டு அம்மாவும் அவருடைய காரியஸ்தரும். இரண்டு பேரையும் அண்ணன் பேர்ஷ்யா சட்டை போட்டுக்கொண்டு நேரில் போய் அழைத்திருந்தான். வளைகுடா என்ற சொல் அப்போது எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. கடல் தாண்டிப் போனவன் எல்லாம் பேர்ஷ்யாக்காரன்தான். வருவார்கள் என்று நம்பி அம்மா இரண்டு நாற்காலிகளை இரவல் வாங்கிப் போட்டிருந்தாள். கடைசிவரை அவற்றில் யாரும் உட்காரவில்லை. நின்றுகொண்டிருந்த எங்கள் ஆட்களும் உட்காரவில்லை.

எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. அதற்குள் பழங்கதை எழுத உட்கார்ந்துவிட்டான் என்று சிரிப்பீர்கள். என்னோடு நெய்யாற்றின்கரைப் பக்கத்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டிவிஷனில் இருந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த மீன்பெட்டியை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்து அக்காவிடம் திட்டு வாங்கியிருக்கிறீர்கள். மீன் செத்த செய்தி தெரிந்த மறுநாள் வகுப்பில் என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்பதும் எனக்கு மறக்கவில்லை. ஆனால் அத்தனை செத்த பிறகும் எங்கள் வீடு ஏன் அந்தப் பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது என்று நான் சொன்னதில்லை. அந்த வயதில் சொல்லக் கூச்சமாக இருந்தது.

எங்கள் நான்கு வீடுகளும் பெரியவீட்டு நிலத்தில் வரிசையாகக் கிடந்த குடில்கள். குடில் போட்டுக் கிடந்தவனுக்கு அதைச் சுற்றிப் பத்து சென்ட் சொந்தம் என்று சட்டம் வந்தது. அப்பா வேலி கட்டிய நாளில் ஒவ்வொரு கம்பையும் நட்டு, மண்ணை மிதித்து, பிறகு கைவைத்து அசைத்துப் பார்த்தார். நிலம் வந்துவிட்டது. தண்ணீர் வரவில்லை. கிணறு பெரியவீட்டு முற்றத்தில் இருந்தது.

அங்கே தண்ணீர் கோர எங்கள் பெண்களுக்கு அனுமதி உண்டு. அதற்குப் பதிலாக விடிவதற்குள் போய் அந்த முற்றத்தைத் தூத்து வாரிவிட வேண்டும். அறுப்புக் காலத்தில் நெல் அவித்துக் காயப்போட்டுக் கொடுக்க வேண்டும். இதற்குக் கூலி கிடையாது. வேலை என்றுகூட யாரும் சொல்வதில்லை, ஒத்தாசை என்பார்கள். யாராவது முகம் கோணினால் காரியஸ்தர் வாளியையும் கயிற்றையும் சுருட்டி எடுத்துப் போய் உள்ளே வைத்துவிடுவார். திட்டு, அடி ஒன்றும் கிடையாது. கயிறு உள்ளே போகும், அவ்வளவுதான். பத்து சென்ட் கிடைத்த கோடையில் அந்தக் கயிறு பல நாள் உள்ளேயே இருந்தது. அம்மா நெய்யாற்றுத் தண்ணீர் வரும் சானலுக்கு நடந்து போய்க் குடத்தில் சுமந்து வந்தாள்.

அண்ணன் பேர்ஷ்யாவில் கொத்தனுக்குக் கையாளாக இருந்தான். அவன் அனுப்பியதில் எங்கள் பத்து சென்டின் வடக்கு மூலையில் கிணறு தோண்டினோம். செம்மண் போய், வெட்டுகல் போய், வெள்ளைக் களிமண்ணும் போய்த் தண்ணீர் ஊறியது. முதல் வாளியை அம்மா முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். அவள் மனதில் இருந்தது ஒரே காரியம். நான்கு வீட்டுப் பெண்களும் இனி இங்கே கோர வேண்டும். நான்கு பேரும் பெரியவீட்டுக் கிணற்றை விட்டால்தான் நெல் அவிக்கக் கூலி வேண்டும் என்று அங்கே கேட்க முடியும். ஒருத்தி வாரியலைத் தூக்கிக்கொண்டு அந்த முற்றத்தில் குனிந்தாலும் மற்ற மூன்று பேரின் வாய் அடைந்துபோகும்.

புதுக்கிணற்றில் ஒரு விரால் குஞ்சை விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மீன் கிடந்தால் தண்ணீர் நல்லது. அப்பா அதற்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோதுதான் அண்ணன் வந்து இறங்கினான்.

"கெணத்துக்குள்ள விட்டா யாருக்குத் தெரியும்? கண்ணாடியில விட்டா ஊருக்கே தெரியும். நம்ம வெள்ளத்துல மீன் ஓடுதத பெரியவீட்டுக்காரங்களும் வந்து பாக்கட்டு" என்றான்.

எங்கள் பேச்சில் தண்ணீர்தான் வெள்ளம். அப்பா தலையாட்டினார். "மீனு எங்க கிடந்தா என்ன, வெள்ளம் ஒண்ணுதானே" என்றார். எங்கள் வீட்டில் அன்று அதைவிட அறிவுள்ள பேச்சு வேறு இருந்திருக்க முடியாது. அண்ணன் பள்ளிக்கூடம் போனவனில்லை. அப்பாவும் இல்லை. நான் நான்காம் வகுப்பில் இருந்தேன், எனக்கும் அது சரியாகவே பட்டது.

இரும்புச் சட்டத்தில் புட்டிப் பசை வைத்துக் கண்ணாடி பதித்த பெட்டி. திருவனந்தபுரத்தில் செய்யச் சொல்லி, வாடகைக் காரின் பின்சீட்டில் வைக்கோல் பரப்பி, பிள்ளையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு அண்ணன் கொண்டுவந்தான். காயாத புட்டியின் எண்ணெய் வாசனை வீடு முழுக்க இருந்தது. அவனுடைய சூட்கேசிலிருந்து காற்றடிக்கும் சிறிய மோட்டார் வந்தது, நீலமும் சிவப்புமாகக் கூழாங்கற்கள் வந்தன, பிளாஸ்டிக்கில், கடலில் முங்கும் ஒரு முங்குகாரன் வந்தான். குமிழி ஏறும்போதெல்லாம் அவன் கையில் இருந்த பெட்டியின் மூடி திறந்து மூடும். மோட்டார் பகலெல்லாம் குளவிபோல் இரையும். அந்தி சாய்ந்தால் கரண்ட் மங்கும், குமிழி ஒவ்வொன்றாக யோசித்து யோசித்து வரும். அந்த முங்குகாரன் பிறகு எந்தப் பையில் ஏறிப் போனான் என்பது உங்களில் ஒருவருக்குத் தெரிந்திருக்கலாம். திருப்பித் தர வேண்டாம்.

அன்று கோரிய தண்ணீர் அன்றே பெட்டிக்குள் போனது. ஊற்றிய கையோடு தங்கமீன்களையும் விட்டோம். கிழக்கேவீட்டுச் சித்தப்பா குனிந்து பார்த்தார்.

"எலே, இத ஒக்க பொரிச்சாலும் ஒருத்தனுக்குக் காணுமா?"

"இது திங்குத மீனில்ல சித்தப்பா, பாக்குத மீனு."

"பாத்தா வயிறு நெறயுமாக்கும் பேர்ஷ்யாவில."

எல்லோரும் சிரித்தார்கள். வந்தவர்கள் எல்லாம் மீனுக்கு விருந்து வைத்தார்கள். பூந்தி, சோறு, பிஸ்கட் தூள், புட்டு. போட்டதையெல்லாம் மீன் வந்து வாங்கியது. வாங்கியதைப் பார்த்து இன்னும் போட்டார்கள். தின்றது போக மிச்சம் கற்களுக்கிடையில் இறங்கிக் கிடந்தது.

சில நாளில் ஒரு மீன் சாய்ந்து மிதந்தது. ஆரஞ்சு நிறம் சாயம் போனதுபோல் வெளிறியிருந்தது. அம்மா அதை இலையில் எடுத்து வாழைக்குப் புதைத்துவிட்டு, பெட்டித் தண்ணீரை முழுக்க இறைத்தாள். கற்களைச் சாம்பலும் தேங்காய்த் தொண்டும் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்தாள். கண்ணாடியின் உள்பக்கம் வழுவழுப்பாக ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்தாள். புதிதாகத் தண்ணீர் கோரி ஊற்றினாள். மறுநாள் இன்னொன்று சாய்ந்தது. அவள் இன்னும் அழுத்தித் தேய்த்தாள். எங்கள் வீட்டில் சுத்தம் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று வாழ்ந்தவள் அவள். மீன் சாகச் சாக அவள் கை ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணன் திருவனந்தபுரம் போய் மறுபடியும் வாங்கி வந்தான். அவையும் போயின.

அப்போது காரியஸ்தர் வந்தார். அழைத்தபோது வராதவர் அழைக்காமல் வந்தார். உள்ளே ஏறவில்லை. முற்றத்தில் நின்று ஜன்னல் வழியாகப் பெட்டியைப் பார்த்தார். "வெள்ளம் கொள்ளூல" என்று மலையாளத்தில் சொன்னார். தண்ணீர் ஆகாது என்று அர்த்தம். குரலை உயர்த்தாமல், மழை வரும் என்பதைப்போல் சொல்லிவிட்டுப் போனார். அந்தி வருவதற்குள் அந்தச் சொல் நான்கு வேலியையும் தாண்டிவிட்டது. பெரியவீட்டுக் காவில் நிற்கும் சாமி மரங்களின் வேர் எங்கள் கிணற்றுக்கு அடியில் ஓடுகிறது, அதை வெட்டித்தான் தோண்டினார்கள் என்று கூடவே ஒரு பேச்சும் வந்தது.

புதுக்கிணற்றுக்கு வந்துகொண்டிருந்தவர்களில் முதலில் கடைசிவீட்டு மருமகள் நின்றாள். பிறகு கிழக்கேவீடு. வடக்கேவீட்டு மாமி மட்டும் மேலும் ஒரு வாரம் வந்தாள், பிறகு அவளும் வரவில்லை. விடியும்போது மூன்று பெண்களும் குடத்தில் வாரியலைச் செருகிக்கொண்டு எங்கள் கிணற்றைக் கடந்து பெரியவீட்டுக்குப் போவதை அம்மா அடுக்களை வாசலில் நின்று பார்ப்பாள். அவர்கள் இந்தப் பக்கம் திரும்ப மாட்டார்கள்.

அண்ணனுக்கு லீவு முடிந்தது. அவன் காரில் ஏறிப் போனான். பெட்டியைத் தூக்கிப் பழைய சாமான் எடுக்கும் ஆக்கர்க்காரனுக்குப் போட்டுவிடலாம் என்றார் அப்பா. அம்மா விடவில்லை.

"அந்த வெள்ளத்த நான் குடிக்கேன். எனக்க பிள்ளைக குடிக்கு. மீனு மட்டும் எதுக்குச் சாவணும்? அது கிடக்குதது வரைக்கும் நான் விடமாட்டேன்."

அப்பா தன் பங்குக்கு விரால் குஞ்சைக் கிணற்றில் விட்டார். நானும் மாமியின் மூத்த மகனும் முகம் பார்க்கும் கண்ணாடியில் வெயிலைப் பிடித்து உள்ளே அடித்துப் பார்த்தோம். ஆழத்தில் ஒரு வெளிச்சத் துண்டு நடுங்கியது. அதற்குள் கறுப்பாக ஏதோ அசைந்தது என்று நான் சொன்னேன். அவன் இல்லை என்றான். பிள்ளைகள் சொல்லை யார் எடுப்பார்கள்? கண்ணாடியில் தோற்றதைக் கண்ணாடியில்தான் ஜெயிக்க வேண்டியிருந்தது.

தங்கமீன் வாங்கப் பணமில்லை. அக்காவும் நானும் தோர்த்துத் துண்டை விரித்து சானலில் மீன் பிடித்தோம். பரல்கள் கிடைத்தன. நெற்றியில் வெள்ளிப் பொட்டு மின்னும் மானத்துக்கண்ணிகள் கிடைத்தன. இவை கொஞ்சம் கெட்டி. ஆனாலும் அம்மாவின் தொண்டுக்கும் சாம்பலுக்கும் முன்னால் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் ஒரே ஒரு மானத்துக்கண்ணி மிஞ்சியது.

அந்தச் சமயத்தில் கிணற்றுக்கு உள்சுவர் கட்ட ஆள் வந்தது. வெட்டுகல்லை உள்ளே இறக்க இறக்கத் தண்ணீர் தேயிலைச் சாயம்போல் சிவந்துவிட்டது. பெட்டிக்கு மாற்றத் தண்ணீர் இல்லை. சானல் தண்ணீரை ஊற்றலாமே என்றேன். அம்மா என்னை முறைத்தாள். அந்தப் பெட்டியில் கிடக்க வேண்டியது எங்கள் கிணற்றுத் தண்ணீர். வேறு எதை ஊற்றினாலும் அது பொய்.

ஆகவே பெட்டி அப்படியே கிடந்தது. தண்ணீர் முதலில் கஞ்சிபோல் வெளுத்துக் கலங்கியது. மீன் கண்ணிலேயே படவில்லை. வந்தவர்கள் பார்க்க வேண்டாமென்று அம்மா ஒரு பழைய சேலையை மடித்து மேலே போட்டாள். வேலை முடிந்து கிணறு தெளிந்த பிறகுதான் அந்தச் சேலையை எடுத்தோம். யாரும் கை வைக்காமலேயே பெட்டித் தண்ணீர் தெளிந்திருந்தது. கண்ணாடியில் இளம்பச்சையாக ஏதோ படர்ந்திருந்தது. அதற்கு நடுவில் மானத்துக்கண்ணி, பொட்டு மின்ன, மேலே பார்த்தபடி நின்றது. முன்பைவிடக் கொழுத்திருந்தது.

அம்மா தரையில் குந்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதுச்சட்டியில மொத நாளே கறி வைப்பமா? கஞ்சிவெள்ளம் ஊத்தி நாலஞ்சு நாளு பழக்குவோம் இல்லியா. இதும் சட்டிதான். நான் தெனமும் இத புதுச்சட்டியாக்கிட்டு இருந்திருக்கேன்" என்றாள். அக்காவிடம் சொன்னாளா, மீனிடம் சொன்னாளா தெரியவில்லை.

அன்றிலிருந்து பெட்டிக்குச் சட்டம் வந்தது. கோரிய தண்ணீர் ஓர் இரவு அண்டாவில் திறந்து கிடக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை சிறு செம்பால் கொஞ்சம் எடுத்து, எடுத்த அளவு மட்டும் ஊற்ற வேண்டும். கல்லைத் தேய்க்கக் கூடாது. கண்ணாடியில் முன்பக்கம் மட்டும் துணியால் துடைக்கலாம், மற்ற மூன்று பக்கத்துப் பச்சையைத் தொடக் கூடாது. சானலிலிருந்து பாசி கொண்டுவந்து நட்டோம். தீனிக்கு அக்கா பொறுப்பு. இரண்டு விரலால் கிள்ளும் அளவு, அதைத் தின்று முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பாள். மிஞ்சினால் கரண்டியால் எடுத்துவிடுவாள். விருந்தாளி எவராவது பிஸ்கட்டை நொறுக்கினால் கையைப் பிடித்துவிடுவாள். பேர்ஷ்யாக்காரன் தங்கச்சிக்கு ஒரு துண்டு பிஸ்கட் விட மனசில்லை என்று ஊரில் பேச்சு வந்தது. அவள் அசையவில்லை. மீன்களை அவசரப்படாமல் சேர்த்தோம். ஒன்று நிலைத்தது என்று தெரிந்த பிறகே அடுத்தது. தண்ணீர் மாற்றும் நாளில் சுவரில் கரியால் கோடு போடுவது என் வேலை. அம்மா வெறும் கையோடு உட்கார்ந்திருக்கப் பழகியதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். தேய்க்காமல் இருக்க முடியாத நாட்களில் அவள் கிணற்றங்கரைக் கல்லைத் தேய்த்தாள்.

மழை பிடித்த நாட்களில், பாசி வேர்களுக்கிடையில் இமை மயிர் உதிர்ந்ததுபோல் ஏதோ துடிப்பதை அக்கா கண்டாள். குஞ்சுகள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பிறந்தவை. அன்று அப்பா காட்டாக்கடைச் சந்தைக்குப் போய் இரண்டாவது கப்பியும் புதுக் கயிறும் வாங்கி வந்தார். ஒரே நேரத்தில் இரண்டு பேர் கோரட்டும் என்று.

எல்லோரும் வந்து பார்த்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நீங்கள் வந்தீர்கள். பக்கத்து ஊர் திருப்புறத்திலிருந்துகூட ஆள் வந்தது. காரியஸ்தரும் வந்தார், இந்தத் தடவை படியேறி வந்தார். கண்ணாடி என்ன விலை ஆச்சு என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அம்மா கிணற்றங்கரையைக் கழுவி, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

யாரும் குடத்தோடு வரவில்லை. விடியும்போது அதே மூன்று பேர், அதே வாரியல்.

அம்மா கொஞ்ச நாள் பொறுத்தாள். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு வடக்கேவீட்டுக்குப் போனாள். மாமி மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தாமலே பேசினாள்.

"வா மைனி."

"மீனு குட்டி போட்டதப் பாத்தியா?"

"பாத்தேன். வெள்ளம் நல்லதுதான். மீனு செத்தப்பவும் நல்லதுன்னு எனக்குத் தெரியும். ஒரு வாரம் குடிச்சவளாக்கும் நான்."

"பின்ன எதுக்கு அங்க போற?"

மாமி கத்தியைக் கீழே வைத்தாள். "அங்க முற்றம் தூத்தினா கணக்கு தீந்து மைனி. உங்களுக்க கெணத்துல கோரினா, நான் என்ன செய்தா தீரும்? எனக்கு அது தெரியல்ல. நாளைக்கு உனக்க மகன் மாடி வீடு வைப்பான். நம்ம பிள்ளைக ஒரு நாளு சண்ட போட்டு தல்லு கூடும். நீயும் கயிற எடுத்து உள்ள வைப்ப. அவியளுக்க கையில வாங்கி எனக்குப் பழகிப்போச்சு. உனக்க கையில எனக்கு முடியாது."

அம்மா கீழே உட்கார்ந்தாள். மாமி அவள் மடியில் ஒரு துண்டு மரச்சீனியை வைத்தாள். திரும்பி வரும்போது அம்மா வேலியருகே நின்று எங்கள் கிணற்றைப் பார்த்தாள். அந்த மாதங்கள் முழுக்க நாங்கள் கண்ணாடிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது. கிணற்றை உள்ளடக்கி நின்ற அப்பாவின் வேலி எங்கள் யார் கண்ணிலும் பட்டிருக்கவில்லை. மாமி தினமும் விடியலில் பார்த்துப் போனது அதைத்தான்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் கோபப்பட்டார். மகன் வெயிலில் வெந்து அனுப்பிய காசில் வந்த கிணறு, வேண்டியவர்கள் வரட்டும், வேண்டாதவர்கள் போகட்டும் என்றார். அம்மா ஒரு தடவைதான் சொன்னாள்:

"அவ சொன்னதுல தப்பு உண்டுமா? கயிறு நம்ம வேலிக்குள்ளதானே கிடக்கு."

அதன் பிறகு பல நாள் அந்தியில் அப்பா கிணற்றுப் பக்கத்து வேலியருகே போய் நின்றார்.  ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா கம்பிப்பாரையை எடுத்துக்கொண்டு வடக்கு மூலைக்குப் போனார். தான் நட்ட கம்புகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பிடுங்கினார். எங்கள் வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில் புதிதாகக் குழி போட்டு அவற்றை நட்டார். கிணறும் அதிலிருந்து எல்லோரும் நடக்கும் இடவழிவரை ஒரு நடைபாதையும் வேலிக்கு வெளியே போயின. இனி நாங்களும் படலைத் திறந்து வெளியே போய்த்தான் கோர வேண்டும். மூன்று வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். கிழக்கேவீட்டுச் சித்தப்பா வந்து கம்பின் மறுமுனையைப் பிடித்தார்.

மறுநாள் விடியலில் முதல் குடம் மாமியுடையது. அம்மாவுக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். அந்த வருடத்து முதல் போகமான கன்னிப்பூ அறுப்பில் நான்கு பேரும் ஒன்றாகப் போய் நெல் அவிக்கக் கூலி கேட்டார்கள். பெரியவீட்டில் கொஞ்ச நாள் நெல் பச்சையாகக் குவிந்து கிடந்தது. பிறகு காரியஸ்தர் இடவழியில் வந்து நின்று, எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்.

அடுத்த லீவில் வந்த அண்ணன் முற்றத்தில் நின்று சுற்றிலும் பார்த்தான்.

"கெணறு எங்கப்பா?"

"வெளிய நிக்கு. போய்க் குளி" என்றார் அப்பா.

அன்று அவன் குளிக்கவே போகவில்லை. மறுநாள் கிணற்றங்கரையில் மாமி கோரிக் கொடுத்த தண்ணீரில்தான் குளித்தான். குளித்துவிட்டு வந்து பெட்டி முன்னால் உட்கார்ந்து, குஞ்சுகளுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுகிறீர்கள் என்று அக்காவிடம் கேட்டான்.

பத்திரம் எதுவும் எழுதவில்லை. யாரும் கேட்கவுமில்லை. பின்னாளில் சர்வேக்காரர்கள் நெய்யாற்றின்கரையிலிருந்து வந்து சங்கிலி பிடித்து அளந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். சட்டம் எங்களுக்குக் கொடுத்தது பத்து சென்ட். வேலிக்குள் இருந்தது எட்டரை. கிணறும் வழியும் சேர்த்து ஒன்றரை சென்ட்.